பொட்டு வைத்த லாரி

எனக்குக் கோபம் ஜாஸ்தி. இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் ஜீப் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே, மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தச் சொல்வேனா மாட்டேனா என்று என் டிரைவர் கண்டுபிடித்துவிடுவார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போங்களேன்" என்றார். யாருக்கு விட்டுக் கொடுப்பது? செத்தவர்களுக்கா, சாகடித்தவர்களுக்கா, இல்லை நடுவில் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்களே, அவர்களுக்கா? டாக்டரிடம் கேட்கவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் தடய அறிவியல்காரி. மாவட்டத்தில் எங்கேயாவது கொலை, தீ விபத்து, சந்தேகச் சாவு, ஆளை அடித்துப் போட்டுவிட்டு ஓடிய வண்டி என்றால் போலீஸ் கூப்பிடும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். டிவியில் வருகிறவர்களைப் போல வெள்ளை அங்கியெல்லாம் கிடையாது. பருத்திச் சேலை, கையில் உறை, தலையில் வெயிலுக்கு ஒரு துண்டு. இந்த வேலையின் முதல் பாடம் மிகவும் எளிமையானது. ஒரு பொருள் இன்னொன்றின்மேல் மோதினால், இதிலிருந்து கொஞ்சம் அதில் ஒட்டும், அதிலிருந்து கொஞ்சம் இதில் ஒட்டும். ஒட்டியது என்ன என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. நான் போய்ச் சேரும்வரை யாரும் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

அந்த ஒன்றுதான் நம் ஊரில் நடக்காது. சாவு விழுந்த இடத்தை அப்படியே விட்டுவைக்க இங்கே யாருக்கும் மனசு வராது. வீட்டுக்குள் என்றால் கழுவி விடுவார்கள். தெருவில் என்றால் மண்ணை அள்ளிப் போடுவார்கள். பாயை உருட்டித் தூரப் போடுவார்கள், உடுத்தியிருந்த துணியை எரித்துவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனைக் கோர்ட்டில் நிறுத்தலாம். மரியாதைக்காகச் செய்கிறவனை என்ன செய்வது? நான் கத்துவேன். அவர்கள், பாவம் இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்ப்பார்கள்.

அந்த லாரி விஷயம் நடந்தது ஆயுத பூஜை சமயத்தில். துறைமுகச் சாலையிலிருந்து உப்பளங்களுக்குப் பிரிகிற இடத்தில், விளக்கு வைக்கிற நேரம், ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஏதோ வண்டி அடித்துவிட்டது. இறால் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்த்த பெண். புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவள் அங்கேயே இறந்துவிட்டாள். உப்பு ஏற்றி வந்த ஒரு லாரி டிரைவரை ஊர்க்காரர்கள் பிடித்து, அடித்து, போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். மறுநாள் காலை எனக்குத் தகவல் வந்தபோது, இன்ஸ்பெக்டர் போனில், "ஆள் பிடிச்சாச்சு மேடம், சும்மா ஒரு பார்மாலிட்டிக்கு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். பார்மாலிட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

போனேன். ரத்தம் சிந்திய இடத்தில் ஆற்றுமணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கோலம் போடுகிற வாசலைப்போல ரோடு சுத்தமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, கையைத் துடைத்துக்கொண்டே பெருமையாக வந்தார்.

"நாங்கதான் மேடம் சுத்தம் பண்ணுனோம். கண்ணாடியெல்லாம் சிதறிக் கெடந்துச்சு. டூவீலர்ல வாரவன் டயரு பஞ்சராகி விழுந்துரக் கூடாதுல்லா."

"பெருக்கின குப்பை எங்க அண்ணாச்சி?"

"அந்தா, கருவை மூட்டுல கொட்டியிருக்கு."

கருவேல மரத்தடியில் குத்தவைத்துக்கொண்டு டீக்கடைக் குப்பையைச் சலித்தேன். டீத்தூள், பீடித் துண்டு, வடை மடித்த காகிதம், அதற்கு நடுவில் கண்ணாடிச் சில்லு. எல்லாம் ஸ்கூட்டியின் சொந்த விளக்கு உடைந்தது. அடித்த வண்டியினுடையது ஒரு பொட்டுகூட இல்லை. முள் குத்திய கையோடு எழுந்து, டிரைவர் ஓடப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"ஓடலயே. லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டு நாங்க வரும்போது அவன் ரோட்டுல உக்காந்து அந்தப் பிள்ளையை மடியில போட்டு வச்சிருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். வந்த வேகத்துல நாலு போடு போட்டோம்."

"எதுக்குப் போட்டீங்க?"

அண்ணாச்சி என்னை வினோதமாகப் பார்த்தார். "பின்ன, லாரிக்காரன்லா மேடம்."

அடப் பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடித்தவன் நின்று மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிய முதல் தகவல் அறிக்கையிலோ, டிரைவர் தப்பி ஓட முயன்றபோது பொதுமக்கள் விரட்டிப் பிடித்தார்கள் என்று இருந்தது. அப்படி எழுதினால் ஜாமீன் கிடைக்காத பிரிவு. டிரைவரை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி, ஜெயிலுக்கும் அனுப்பியாகிவிட்டது.

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் லாரியைப் பார்த்திருப்பேன். அதற்குள், ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வீடு எரிந்து உள்ளே ஆள் கருகிக் கிடக்கிறது, உடனே புறப்படு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. சம்பவ இடத்துக்குக் காவலாக வந்திருந்த கான்ஸ்டபிளிடம் ஒரு முழுத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தேன். தடயப் பொருள், யாரும் தொடக்கூடாது. அதை லாரியில் ஒட்டிவிட்டு எனக்குப் போன் செய்யச் சொன்னேன். ஒட்டிவிட்டதாகப் போனும் வந்தது. இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கவலையே படாதீங்க மேடம். ஒரு சுண்டுவிரல் படாது" என்றார்.

மறுநாள் ஆயுத பூஜை. நான் சாமி கும்பிடாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிற வீட்டில் பிறந்தவள். மண்வெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கைதான் இது. அன்று காலையில்கூட எங்கள் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்து, இடுக்கிகளை வரிசையாக அடுக்கி, ஜீப்புக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் லாரி செட்டுகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்த அத்தனை லாரிகளும் குளித்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி நின்றன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் கேட்டுக்குள் நுழைகிறவரை.

காம்பவுண்டுக்குள் என் லாரி நின்றது. பளபளவென்று நின்றது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பம்பரில் மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். விளக்குக்கு ஒன்றாகப் பொட்டு. முன்சக்கரத்துக்கு எதிரே உடைத்த பூசணிக்காய், உள்ளே கொட்டிய குங்குமத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஓடியிருந்தது. முன் கண்ணாடியில் நான் எழுதிக் கொடுத்த தாள், ஓரம் கசங்காமல் அப்படியே இருந்தது. என் கையெழுத்துக்கு மேலேயும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

நின்ற இடத்திலேயே கத்த ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று முழுவதும் இங்கே எழுத முடியாது. இன்ஸ்பெக்டர் ஒரு தட்டில் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எடுத்துக்குங்க மேடம்."

"என்ன சார் இது?"

"ஆயுத பூஜை மேடம்."

"அது எவிடென்ஸ் சார்! நான் பேப்பர் ஒட்டச் சொன்னேனே, கண்ணுல படலயா?"

"உங்க பேப்பரைத் தொடவே இல்ல மேடம். அதைச் சுத்தித்தான் கழுவுனோம்." இதை அவர் உண்மையாகவே எனக்குச் செய்த உதவியைப்போலச் சொன்னார். "சாவு பட்ட வண்டி காம்பவுண்டுக்குள்ள நிக்குது. இந்த வருஷம் ஸ்டேஷன்ல ரெண்டு ஆக்சிடெண்ட், ஒருத்தருக்குக் கால் போச்சு. பயலுவ பயப்படுதானுவ. தோஷம் போக ஒரு கழிப்புக் கழிச்சிட்டா நல்லதுன்னு நான்தான் சொன்னேன்."

அந்தத் தாளைப் பம்பரில் ஒட்டியிருந்தாலாவது, அதன் பின்னால் ஒரு சாண் அழுக்கு எனக்கு மிஞ்சியிருக்கும்.

கேட் பக்கத்தில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். டிரைவரின் மனைவி. உடன்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். யாரோ அவர் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்திருந்தார்கள். புருஷன் ஜெயிலில் இருக்கிறான், இவர் கையில் பிரசாதம். அதைத் தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கத்துவதைக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் நமக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கிட்டே வந்தார்.

"எங்க வீட்டுக்காரவிய, பிடிச்ச அன்னைக்கே சொன்னாவம்மா. வண்டி மூஞ்சியப் பாருங்க, உப்பும் புழுதியும் பனியில எறுகி அப்பிக் கெடக்கு, ஆளு மேல மோதியிருந்தா அது உதிர்ந்திருக்காதா, ஒரு தடம் விழுந்திருக்காதான்னு. ஒருத்தருமே காதுல வாங்கல. இப்ப கழுவிட்டாவளே. இனி எதப் பாத்துச் சொல்லுவிய?"

அந்த அம்மாள் கேட்டதுதான் மொத்த விஷயமும். இன்ஸ்பெக்டருக்கு அது புரியவே இல்லை. "ரத்தம் இருந்தா கழுவினாலும் காட்டிக் கொடுக்கும்லா மேடம்? ஏதோ தண்ணி அடிச்சு நீலமா லைட்டு எரியுமே, டிவில காட்டுதாங்க" என்றார். ஆமாம் சார், எரியும். குற்றம் செய்திருந்தால் எரியும். அந்த ஆள் குற்றம் செய்யாமல் இருந்தால் என்ன எரியும்? ஒன்றும் எரியாது. அப்போது நீங்களே கோர்ட்டில், கழுவியதால் போய்விட்டது என்று சொல்வீர்கள். உப்பளத்துப் புழுதி அந்த முகப்பில் ஒரே சீராக, தொட்டாலே தடம் தெரிகிற மாதிரி படிந்திருந்திருக்கும். இந்த லாரி யார்மேலும் மோதவில்லை என்று சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைத்தான் தேய்த்துக் கழுவி, அதற்கு மேலே பொட்டும் வைத்திருக்கிறீர்கள். இப்படியே அவரிடம் சொன்னேன். பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

லாரியைக் கழுவியவர் யார் என்று கேட்டேன். எனக்குத் தாள் ஒட்டிக்கொடுத்த அதே கான்ஸ்டபிள்தான்.

"கழுவும்போது முன்பக்கம் எப்படி இருந்துச்சு?"

"அய்யோ, அத ஏன் கேக்கிய மேடம். உப்பு எறுகிப் போயி வரவே மாட்டேன்னுட்டு. தேங்கா நார வச்சுல்லா தேய்ச்சேன்."

"முழுக்க ஒரே மாதிரி அப்பியிருந்துச்சா? எங்கயாவது உதிர்ந்து, துடைச்ச மாதிரி, கீறின மாதிரி இருந்துச்சா?"

"இல்ல மேடம், இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே சீரா..." என்று ஆரம்பித்தவர், இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துவிட்டார். "சரியா ஞாபகம் இல்ல மேடம்."

"இப்பத்தானே சொன்னீங்க?"

"கூட்டத்துல சரியாக் கவனிக்கல மேடம்."

அரை நிமிஷத்தில் ஞாபகம் போய்விட்டது. நான் அந்தப் பையன் முகத்தையே பார்த்தேன். அவர் வாழைக்கன்றை நேராக நிறுத்துவது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வேலை வேண்டும், எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. பம்பர் ஓரத்தில் ஒரு கீறலைக் காட்டினார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். கீறலுக்குள்ளே துரு தடிப்பாக ஏறி, வெளியேயும் வழிந்திருந்தது.

"இது பழசு சார். நேத்து முந்தாநாள் விழுந்த கீறல்ல இவ்வளவு துரு வராது."

"உப்பு லாரி மேடம். சீக்கிரம் துருப்பிடிக்கும்."

இதற்கு மட்டும் அவருக்கு விஞ்ஞானம் தெரிந்திருந்தது. "சரி, அவன் சட்டையில ரத்தம் இருக்கே, அதுக்கு என்ன சொல்லுதீங்க? அது ஒண்ணு போதாதா?" என்றார்.

"சார், லாரி கேபின் தரையில இருந்து எவ்வளவு ஒசரம்? அங்க உக்காந்து ஓட்டுறவன் கீழ ஒருத்தரை அடிச்சா, அவன் சட்டை நெஞ்சுல ரத்தம் எப்படி சார் ஏறும்? பறந்து வருமா? இறங்கி வந்து தூக்கினவன் சட்டையிலதான் அப்படி ஊறும். அந்தச் சட்டை அவன் இறங்கித் தூக்கினான்னு சொல்லுது. அவ்வளவுதான் சொல்லுது. அடிச்சுட்டு ஓடினவன் சட்டை இந்நேரம் இஸ்திரி போட்டு மாட்டியிருக்கும்."

எழுத்தர் உள்ளே சுண்டல் மென்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஸ்கூட்டி எங்கே என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. வரிசையாக எல்லா மோட்டார் சைக்கிளும் கழுவிப் பொட்டு வைத்து நின்றன. பிடித்து வந்த மணல் டிராக்டர்கூட மாலையோடு நின்றது. அதுவும் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கான்ஸ்டபிள் கழிவறைக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"அங்கன கெடக்கு மேடம். அதைத் தொடல."

"ஏன் தொடல?"

"அது ஆள முழுங்குன வண்டில்லா மேடம். அதுக்குப் போயி யாராவது பொட்டு வைப்பாவளா?"

கிழிந்த தார்ப்பாய் ஒன்றுக்கடியில், விழுந்த அன்று இருந்தபடியே அது கிடந்தது. எந்தப் பயத்தில் லாரியைக் கழுவினார்களோ அதே பயத்தில் இதன் பக்கமே போகவில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. என் டிரைவரை விட்டுப் பெட்டியை எடுத்துவரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பின்பக்க மட்கார்டு மடங்கிக் கிழிந்திருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு தேய்ப்பு. கிழிசலின் இடுக்கில், நகத்து முனை அளவுக்கு, மோதிய வண்டியின் பெயிண்ட் சில்லு ஒன்று சொருகியிருந்தது.

உப்பு லாரியும் நீலம்தான். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா மேடம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இந்த ஊர்ல பாதி லாரி நீலம் சார்" என்றேன். சில்லை இடுக்கியால் எடுத்து உறையில் போட்டேன். அந்தச் சந்தனத்துக்குப் பக்கத்திலிருந்தே லாரி பம்பரின் பெயிண்டையும் சுரண்டி இன்னொரு உறையில் போட்டு, இரண்டுக்கும் சீல் வைத்தேன். டிரைவரின் சட்டையையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன். கேட்டருகே நின்ற அம்மாளிடம் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது. "பாத்துச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஆய்வகத்தில் எங்கள் பொட்டலம் வரிசையில் நின்றது. வரிசை என்றால் நம் ஊர் வரிசை. அந்த ஆள் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தார். அவருக்குத் தண்டனை கிடைத்தால் லைசென்ஸ் போகும், ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை. நான் போன் போட்டுப் போட்டு, கடைசியில் என் நம்பரைப் பார்த்தாலே அங்கே எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன்.

அந்த நாட்களில் ஒருநாள் இறந்த பெண்ணின் புருஷன் என் அலுவலகத்துக்கு வந்தார். கடல் வெயிலில் கறுத்த ஆள், முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு இறுக்கியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த லாரிக்காரனக் காப்பாத்த நீங்கதான் அலையிதியளாம். ஸ்டேஷன்ல சொன்னாவ. நீங்க யாருக்கு வேலை பாக்கிய?"

யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உங்க வீட்டம்மாவை அடிச்சது யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் பாக்கிறேன். இவரை உள்ள வச்சுட்டாங்கன்னா அடிச்சவனைத் தேட மாட்டாங்க. அவன் நாளைக்கும் அந்த ரோட்டுலதான் ஓட்டுவான்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். அவ இல்ல. யாராவது ஒருத்தன் உள்ள போவணும். யாருமே போகலன்னா, நான் வீட்டுல போயி என்னன்னு சொல்ல?"

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் போன பிறகு எல்லோர்மேலும் சேர்த்து வந்தது.

கடைசியில் அறிக்கை வந்தது. ஸ்கூட்டியில் கிடைத்த சில்லைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருந்தார்கள். மேலே நீலம், அதற்கடியில் பழைய சிவப்பு, அதற்கும் அடியில் சாம்பல் பூச்சு. யாரோ சிவப்பு வண்டியை வாங்கி நீலம் அடித்திருக்கிறார்கள். உப்பு லாரியில் நீலத்துக்குக் கீழே நேராகக் கம்பெனிப் பூச்சுதான், சிவப்பே கிடையாது. சட்டையில் ரத்தம் துணியோடு துணி அழுந்தி ஊறியது, தெறித்தது ஒன்றுகூட இல்லை. இரண்டையும் வைத்து நான் கோர்ட்டில் சொன்னேன். டீக்கடை அண்ணாச்சியும் வந்து, டிரைவர் ஓடவில்லை, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். அடித்ததை மட்டும் மென்று முழுங்கிவிட்டார். டிரைவரை ஜாமீனில் விட்டார்கள், பிறகு வழக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சிவப்பின்மேல் நீலம் அடித்த லாரியைத் தேடச் சொல்லி இன்ஸ்பெக்டரை நச்சரித்தேன். "தேடிக்கிட்டுத்தான் இருக்கோம் மேடம்" என்றார். எங்கே கிடைக்கும்? அடித்து இரண்டு நாள் ஆவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எந்த லாரியைக் கழுவினாலும் யாரும் ஏன் என்று கேட்காத நாள். அந்தப் பயல் பட்டப்பகலில், நடுத்தெருவில் வைத்து, மேளம் கொட்டாத குறையாகத் தன் வண்டியைக் கழுவியிருப்பான். நசுங்கிய இடத்தை மறைத்து மாலை போட்டிருப்பான். நானே அந்த லாரியைத் தாண்டி, பார்க்க நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருக்கலாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மாத்திரை வேலை செய்யாது.

கொஞ்ச நாள் கழித்து டிரைவரும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அதுவரை அவரைக் கோர்ட்டில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். நரைத்த மீசை, இடது கண்ணுக்குக் கீழே அன்று வாங்கிய அடியின் தழும்பு. அந்த அம்மாள் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் மட்டும் கதவுக்கு உள்ளே வந்து, அங்கேயே நின்றார்.

"இவதான் வரணும்னு இழுத்துட்டு வந்தா மேடம். நீங்க செஞ்சதுக்குக் கும்பிடணும்னு சொல்லுதா. கும்பிட்டுக்கிடுதேன்." கும்பிட்டார். "எனக்கு ஒண்ணு சொல்லணும். எனக்கு முன்ன நாலஞ்சு வண்டி அந்தப் பிள்ளையச் சுத்திக்கிட்டுப் போனத நான் கண்ணால பாத்தேன். நான் நிறுத்துனேன். தண்ணி கேட்டுச்சு. பாட்டில்ல இருந்த தண்ணியக் குடுத்தேன். குடிச்சுது. அப்புறந்தான் அடங்கிச்சு. இனிமே ரோட்டுல யாரு கெடந்தாலும் நான் நிறுத்த மாட்டேன் மேடம்."

"சும்மா இருங்க" என்றார் மனைவி.

என் குணம் தெரியுமே, எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி! நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நிறுத்தினதுல என்ன தப்பு? தப்பெல்லாம் மத்தவங்க மேல. நிறுத்தத்தான் செய்யணும்" என்று அவரிடமே கத்தினேன். ஜெயிலுக்குப் போய் வந்த மனுஷனிடம். அவர் நான் முடிக்கிறவரை பொறுமையாக நின்றார். அவருக்கு என்மேல் வருத்தமில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சரி மேடம். நீங்க சொல்லுதிய. நாளைக்கே நிறுத்துதேன்" என்றார். "நிறுத்திட்டு எறங்குனதும் நாலு பேரு அடிக்க ஓடி வருவான். அவன் கையப் பிடிக்க நீங்க அங்கன வந்து நிப்பியளா?"

பதிலுக்குக் காத்திராமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.